ஜனாஸாவுக்குப் போகமுடியாத காலத்து இரங்கல் எழுத்துகள்

ஜனாஸா வீட்டுக்கு நாம் போவது தொழுகைக்கும் அடக்கத்துக்கும் என்றாலும், அங்கு இன்னொரு வேலையும் நடக்கிறது. முற்றத்துக் கதிரைகளில் இருப்பவர்கள் மௌத்தானவரைப் பற்றிக் கதைக்கிறார்கள். யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தார், எந்தக் கூட்டத்தில் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனார், பேரப்பிள்ளைக்கு என்ன பட்டப்பெயர் வைத்தார் என்றெல்லாம் கதை வரும். குடும்பத்தவர் ஒருவர் எழும்பி, மையித்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் சொல்லுங்கள் என்பார். கடந்துபோன ஜனாஸா ஒன்றைப் பற்றி மக்கள் நல்லது சொன்னபோது நபி (ஸல்) அவர்கள் அதைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டதை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். முற்றத்துக் கதையும் ஒருவகைச் சாட்சியந்தான்.

கொரோனாக் காலத்தில் நமக்கு இல்லாமற்போனது இந்த முற்றம். 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி அறிவித்தல் கொரோனா ஜனாஸாக்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் 2021 பெப்ரவரி இறுதிவரை அந்த விதி மாறவில்லை. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியபோதும், பெற்ற பிள்ளைகளுக்கே மையவாடி தூரமாயிற்று. கொரோனா இல்லாமல் மௌத்தானவர்களின் வீடுகளிலும் ஆட்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருந்தது. நஜ்ஜாஷி மன்னருக்கு நபியவர்கள் தொழுவித்ததை ஆதாரமாகக் கொண்டு ஷாஃபிஈ மத்ஹபில் காயிப் ஜனாஸாத் தொழுகைக்கு வழியுண்டு. தொழ வழியிருந்தது. முற்றத்துக் கதையை மட்டும் எழுத்துத்தான் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. அது அந்த வேலையைச் செய்ததா?

2021 ஆகஸ்ட் முடக்கத்தில் மாரடைப்பால் வபாத்தான என் நண்பர் ஒரு சிறுகதை எழுத்தாளர். அவரைப் பற்றி வந்த பதினொரு இரங்கற் குறிப்புகளை எடுத்துவைத்து வாசித்திருக்கிறேன். பிறந்த ஊர், படித்த பாடசாலை, முதல் நியமனம், சமாதான நீதவான், கலாபூஷணம், கடைசியில் 'ஈடுசெய்ய முடியாத இழப்பு'. பெயரை எடுத்துவிட்டால் ஒன்பது குறிப்புகள் எந்த மர்ஹூமுக்கும் பொருந்தும். அவருடைய கதையொன்றின் தலைப்பைச் சொன்னவை இரண்டு. கதைக்குள் போனது ஒன்றுகூட இல்லை. எழுதியவர்களின் துயரம் உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் முற்றத்தில் இருந்திருந்தால் இதே ஆட்கள் இப்படிக் கதைத்திருக்க மாட்டார்கள். பேனையைக் கையில் எடுத்ததும் நமக்கு மேடை ஞாபகம் வந்துவிடுகிறது.

அதே காலத்தில் பெருந்தொகையாக வந்த எரிப்பு எதிர்ப்புக் கவிதைகளிலும் இந்தக் குறை வேறு விதத்தில் இருக்கிறது. நெருப்பு, சாம்பல், கபன், வேலியில் கட்டிய வெள்ளைத் துணி என்று படிமங்கள் திரும்பத் திரும்ப வந்தன. அவை தேவையான கவிதைகள். வாய் திறக்கப் பலர் பயந்த நாட்களில் அவை பேசின. ஆயினும் நான் வாசித்த பெரும்பாலானவற்றில் எரிக்கப்பட்டவர் 'ஜனாஸா'வாக மட்டும் இருக்கிறார். அவர் தையற்காரரா, வெற்றிலை போடுகிறவரா, பிள்ளைகளோடு கோபக்காரரா என்று தெரியவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டதும் எல்லோருக்கும் பொதுவாகத்தான். அரசாங்கம் அப்படித்தான் கேட்கும். இலக்கியமாவது ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பேச வேண்டாமா?

"மௌத்தானவங்கள்ற குறைய எழுதலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இறந்தவர்களை ஏசக்கூடாது என்பது ஹதீஸ். அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்த ஹதீஸ்களை நமக்குப் பாதுகாத்துத் தந்த அறிஞர்களே ஜரஹ் - தஃதீல் என்றொரு கலையையும் வளர்த்தார்கள். மண்ணறைக்குப் போய்விட்ட அறிவிப்பாளர்களைப் பற்றியும், இவருக்கு ஞாபகசக்தி குறைவு, இவர் முதுமையில் குழம்பினார் என்று பெயர் சொல்லி எழுதினார்கள். அதை அவர்கள் புறமாகக் கருதவில்லை, அமானிதமாகக் கருதினார்கள். ஒருவரின் சொந்த வாழ்க்கையைக் கிளறுவது வேறு, அவர் சபைக்கு வைத்த எழுத்தை எடைபோடுவது வேறு.

ஈழத்தில் இதற்கு நல்லதொரு முன்மாதிரி இருக்கிறது. மஹாகவி 1971இல் காலமானபின் எம்.ஏ. நுஃமான் இரங்கலுரையோடு நின்றுவிடவில்லை. அவருடைய ஆக்கங்களைத் தேடித் தொகுத்தார், பதிப்பித்தார், ஆய்வு செய்தார். மஹாகவியை இன்று நாம் வாசிக்க முடிவதில் அந்த உழைப்புக்குப் பெரிய பங்குண்டு.

ஆகவே என் நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன். அவருடைய பலம் பெண்களின் பேச்சு. அடுப்படியிலும் கிணற்றடியிலும் நடக்கும் உரையாடலை, இடையில் ஆசிரியர் புகுந்து விளக்காமல், அப்படியே நடக்கவிடுவார். விதவையொருத்தியின் இத்தா நாட்களைச் சொல்லும் கதையில் அழுகை ஓரிடத்திலும் இல்லை. முடிகிற அரிசியும் வராத மருமகனுமே துக்கத்தைச் சொல்கிறார்கள். பலவீனம் முடிவுகள். கடைசிப் பந்தியில் கதைசொல்லி போய் உபதேசி வந்துவிடுவார். இதை அவரிடம் நேரிலேயே பலமுறை சொல்லியிருக்கிறேன். "முடிவு சொல்லாட்டி நம்மட ஆக்கள் விடுவாங்களா மச்சான்?" என்று சிரிப்பார். பிந்திய நான்கு கதைகளில் அந்தப் பந்தி இல்லை. அவர் மாறிக்கொண்டிருந்தார் என்பதற்கு அந்த நான்கும் சாட்சி. அந்த மாற்றத்தைப் புகழுரைகள் காணவில்லை. குறையைக் காணாதவருக்கு மாற்றமும் தெரியாதுதானே.

அவருடைய கதைகளில் பாதிக்குமேல் இன்னும் நூலாகவில்லை. ஞாயிறு வாரமலர்களிலும், இரண்டு மூன்று இதழ்களோடு நின்றுபோன சிற்றேடுகளிலும், கொப்பிகளிலும் கிடக்கின்றன. இந்தக் காலத்தில் நாம் இழந்த ஒவ்வோர் எழுத்தாளரின் வீட்டிலும் இப்படியொரு கட்டு இருக்கும், கறையான் காத்திருக்கும். நினைவுப் பரிசும் பொன்னாடையும் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த வீடுகளுக்குப் போய், பிள்ளைகளிடம் கேட்டு, கட்டை அவிழ்த்து, திகதி போட்டு ஒரு பட்டியல் எடுப்போம். பிறகு உட்கார்ந்து வாசிப்போம்.