பாசுரத்து வானமும் பள்ளிக்கூடத்து வானமும்

திருப்பாவையின் பதின்மூன்றாம் பாசுரத்தில் வெள்ளி எழுந்ததையும் வியாழன் மறைந்ததையும் ஆண்டாள் ஒருசேரக் குறிப்பிடுகிறார். உறங்கும் தோழியிடம், விடியல் வந்துவிட்டது என்பதற்குக் காட்டப்படும் சான்று அது. இக்குறிப்பைக் கொண்டே அறிஞர் மு. இராகவையங்கார் ஆண்டாளின் காலத்தைக் கி.பி. 731 எனக் கணித்தார். பிறர் வேறு ஆண்டுகளை முன்வைத்தனர். அந்த ஒரு வரியோடு நம் ஆய்வுலகம் கொண்ட உறவு பெரும்பாலும் இந்த ஆண்டுக் கணக்கோடு முடிந்துவிடுகிறது.

கணக்கை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவ்வரி கணக்காவதற்கு முன் ஒரு பார்வையாக இருந்தது. மார்கழிப் பனியில் வாசலில் நின்று, கிழக்கே ஒருமுறையும் மேற்கே ஒருமுறையும் திரும்பிப் பார்த்தவருக்கே அது தோன்றியிருக்க முடியும். அப்படித் திரும்பிப் பார்க்க நம் நடுநிலைப் பள்ளிகள் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகின்றனவா?

வானியல் பாடத்தில் பிழை இருப்பதாக நாம் சொல்லவில்லை. கோள்கள் எட்டு என்றும், வெள்ளியே மிக வெப்பமானது என்றும், வியாழனே மிகப் பெரியது என்றும் பாடம் சரியாகவே சொல்கிறது. மாணவனும் சரியாகவே எழுதி மதிப்பெண் பெறுகிறான். அன்றிரவே அவன் வீட்டு மாடிக்கு மேல் வியாழன் சுடர்விட்டுக்கொண்டிருந்தாலும் அதுதான் வியாழன் என்று அவனுக்குத் தெரிவதில்லை. பெயர் அறிந்து முகம் அறியாத இந்நிலையைக் கல்வி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தொலைநோக்கி வாங்கப் பணமில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது பொருந்தாது.

ஒரு மீட்டர் நீளக் குச்சி, கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டு, ஒரு சாக்குக்கட்டி. இவை போதும். தூக்குக்குண்டால் நேர்பார்த்துக் குச்சியைப் பள்ளி முற்றத்தில் செங்குத்தாக நட்டு, நண்பகலையொட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறித்து வரவேண்டும். நிழல் மிகக் குறுகும் நேரம் கடிகாரத்தின் பன்னிரண்டு மணி அல்ல என்பதே முதல் வியப்பு. இந்தியாவின் நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அதற்கு ஏறத்தாழ ஐந்து பாகை மேற்கே உள்ளன. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆகவே இங்கே கதிரவன் உச்சிக்கு வர, ஏப்ரல் நடுவில், 12.20 ஆகிறது.

இரண்டாம் வியப்பு இன்னும் பெரிது. இவ்விரு ஊர்களும் வடக்கே ஏறத்தாழ ஒன்பதரைப் பாகை அகலாங்கில் உள்ளன. கதிரவன் நேர் உச்சியில் நின்று குச்சியின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும் நாள் ஆண்டுக்கு இரண்டு. அவற்றுள் முதலாவது ஏப்ரல் 14ஐ ஒட்டி, அதாவது சித்திரை முதல் நாளிலேயே வருகிறது! கனியும் கண்ணாடியும் வைத்துப் புத்தாண்டு காணும் வீடுகளில், வாசலில் ஒரு குச்சியையும் நட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்? அன்று பள்ளிக்கு விடுமுறை என்பார்கள். இரண்டாவது நாள் ஆகஸ்ட் 28ஐ ஒட்டி வருகிறது. விடுமுறையில் விழாத ஆண்டுகளே மிகுதி.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வகுப்பறையில் இன்னும் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அது விழும், மாலையில் சென்ற எவரும் காணலாம். பொய்யான வியப்பை ஊட்டிய பிள்ளைக்கு மெய்யான வியப்பு உறைப்பதில்லை. நூற்றுத் தொண்ணூறு அடிக்கு மேல் உயர்ந்த திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் நிழலையும் குச்சியின் நிழலையும் ஒரே நேரத்தில் அளந்து, கோபுரத்தின் உயரத்தைப் பிள்ளைகளே கண்டறியட்டுமே.

மீண்டும் பாசுரத்துக்கு வருவோம். திருவில்லிபுத்தூரில் கிழக்கு வெளி. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அடிவானத்தைத் தொடுமுன்பே வியாழனை மலைமுகடு மறைத்துவிடும். சமதள அடிவானத்தை வைத்துச் செய்யப்படும் கணக்கு இவ்வூர்க் கண்ணுக்குச் சில நாள் வேறுபடும். ஆண்டுக் கணக்கை இது கவிழ்த்துவிடாது என்பது உண்மையே. ஆயினும் நாள் குறிக்க முனையும் ஆய்வு, பாடியவர் நின்ற இடத்தில் ஒரு விடியலாவது நிற்பது முறை. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அங்கே நின்றால், மலையை முதலில் அதுவே சுட்டிக்காட்டும்.

அக்காட்சி ஒரே ஒருமுறை நிகழ்ந்ததும் அன்று. வெள்ளி எட்டாண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே நாளில் அதே இடத்துக்குத் திரும்புகிறது. வியாழன் வானத்தைச் சுற்றிவரப் பன்னிரண்டு ஆண்டுக்குச் சற்றே குறைவு. எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு கேட்டால் ஆறாம் வகுப்பு இருபத்து நான்கு என்று சொல்லிவிடும். மீச்சிறு பொது மடங்கு எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல விடை நமக்குத் தெரியவில்லை. 2012 டிசம்பர் 23ஐ ஒட்டிய விடியல்களில், ஐந்து மணி அளவில், வெள்ளி எழ வியாழன் மறைந்தது. மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வீதிகளில் பாசுரம் ஒலித்திருக்கும். எத்தனை பேர் தலை நிமிர்த்தினர் என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

இருபத்து நான்கைக் கூட்டினால் 2036. அவ்வாண்டு மார்கழியின் நடுவில் அக்காட்சி மீண்டும் வரும். இரு கோள்களும் கணக்கில் சற்றே பிசகுவதால் சில நாள் தள்ளியே வரும். வெள்ளியும் விடியலுக்கு இன்னும் சற்று நெருங்கியே எழும். அந்தப் பிசகு எவ்வளவு என்பதை இன்றைய ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டில் இப்போதே கணித்து வைக்கலாம். அப்போது அவர்கள் கல்லூரியிலோ வேலையிலோ இருப்பார்கள். குறிப்பேட்டைப் பள்ளி அலமாரியில் பத்திரப்படுத்துவது ஆசிரியர் பொறுப்பு.