காலிப்பின் தன்மதிப்பீடும் உருதுத் திவானும்

ஒரு கவிஞர் தம் படைப்புகளைப் பற்றித் தாமே கூறும் மதிப்பீட்டைத் திறனாய்வாளர் எந்த அளவிற்குச் சான்றாகக் கொள்ளலாம் என்னும் வினாவை ஆராய மிர்சா அசதுல்லா கான் காலிப் (1797–1869) தக்க எடுத்துக்காட்டாவார். தம் பெருமை பாரசீகக் கவிதைகளிலேயே விளங்கும் என்றும், உருதுக் கவிதைகள் அவற்றிற்கு ஈடாகா என்றும் அவர் குறித்துள்ளார். இக்கூற்றைக் கொண்டு அவர் உருதுவைப் பொருட்படுத்தவில்லை என முடிவு கட்டுவது பொருந்துமா என்பதே இங்கு எழும் ஐயம்.

கூற்றின் சூழல் முதலில் நோக்கத்தக்கது. ஓய்வூதிய வழக்கின் பொருட்டு 1828இல் கல்கத்தா சென்ற காலிப்பின் பாரசீகச் சொல்லாட்சி, அங்கு நடந்த கவியரங்கில் குறைகூறப்பட்டது. இந்தியாவில் பிறந்த கத்தீலின் வழக்கை எதிர்த்தரப்பினர் மேற்கோள் காட்ட, அவர் அதனை ஏற்க மறுத்தார். 1862இல் 'காதி-இ-புர்ஹான்' என்னும் நூலால் பாரசீக அகராதி ஒன்றைக் கண்டித்ததும் இப்போக்கின் தொடர்ச்சியே. எனவே அவருடைய பாரசீகப் பெருமிதத்தில், புலமை ஐயுறப்பட்ட ஒருவரின் வாதக் குரலும் கலந்துள்ளது.

கூற்றினும் செயல் வலிய சான்றாகும். 1821இல் எழுதப்பெற்ற உருதுத் திவானின் கையெழுத்துப்படி போபாலில் கிடைத்து 1921இல் அச்சேறியது. 1841இல் கவிஞர் வாழ்நாளிலேயே வெளிவந்த திவானுடன் அதனை ஒப்பிடுகையில், பேதிலின் தாக்கம் மிக்க இளமைக்கால ஈரடிகள் பல விலக்கப்பட்டமை புலனாகிறது. கஸலின் ஈரடிகள் பொருளால் தனித்து நிற்பவை. ஆதலின் ஒன்றை நீக்கினும் ஏனையவை சிதைவதில்லை. இவ்வாறு களைந்தபின் அச்சேறியவை ஏறத்தாழ 1,100 ஈரடிகளே. நண்பர் பஸ்லே ஹக் கைராபாதியின் அறிவுரை இதற்குத் தூண்டுதல் என்பர். ஆயினும் இது எளிமை கருதிய நீக்கம் மட்டுமன்று. பாரசீகத் தொடர்கள் செறிந்த கடினமான ஈரடிகள் பல அச்சுத் திவானிலும் இடம்பெற்றுள்ளன. பொருட்படுத்தாத ஒன்றை எவரும் இத்துணைக் கண்டிப்புடன் தெரிந்தெடுப்பதில்லை.

இம்முடிவு பதிப்பு நெறியையும் தொடுகிறது. விலக்கப்பட்டவற்றை ஏற்கப்பட்டவற்றோடு கலந்து படித்தால் கவிஞரின் தேர்வு மறையும். முற்றாக ஒதுக்கினால் அவருடைய வளர்ச்சி மறையும். இவ்விரண்டையும் தனித்தனிப் பகுதிகளாக்கிய இம்தியாஸ் அலி அர்ஷியின் 1958ஆம் ஆண்டுப் பதிப்பு இவ்வகையில் சிறப்புடையது. காலிப்பின் பாரசீகப் புலமை அவருடைய உருதுவிற்குப் புறத்தே நின்றதன்று, அதனுள்ளேயே கலந்து செறிவாயிற்று என்பதை இத்தகைய பதிப்பின் வழியே தெளியலாம்.