இதைச் சொல்வது யார்?

புனைகதையின் கூறுகளை வகுப்பில் நடத்தும்போது கதைப்பின்னல், கதைமாந்தர், களம் என்று போய், நோக்குநிலைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். கோதிக் நாவல்களைப் பொறுத்தவரை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பேயும் பாழடைந்த கோட்டையும் எவருக்கும் கைவந்த சரக்கு. அந்த மரபு உண்மையில் மெனக்கெட்டது, நடக்க முடியாத ஒன்றைச் சொல்பவரை வாசகர் எதற்காக நம்ப வேண்டும் என்பதில்தான்.

ஹொரேஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட 'ஒட்ரான்டோ கோட்டை'யில், திருமண நாளன்று ராட்சதத் தலைக்கவசம் ஒன்று விழுந்து மணமகன் நசுங்கிச் சாகிறான். இதை நம்பவைக்க வால்போல் பொய் முன்னுரை ஒன்று எழுதினார்: 1529இல் நேப்பிள்ஸில் அச்சான இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு இது, வட இங்கிலாந்தில் ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பத்தின் நூலகத்தில் கிடைத்தது என்று. நூல் விற்றது. அடுத்த ஆண்டே, எழுதியது தான்தான் என்று ஒப்புக்கொண்டு 'கோதிக் கதை' என்ற துணைத்தலைப்பையும் சேர்த்தார். பழங்காலத்து மூடநம்பிக்கை என்று பொறுத்துக்கொண்டவர்களுக்கு, சமகாலத்து ஆள் எழுதியது என்றதும் கோபம் வந்தது. கதை மாறவில்லை. சொன்னவர் மட்டும் மாறிவிட்டார்.

ஆன் ராட்கிளிஃப் வேறு வழியில் போனார். 'உடால்ஃபோ மர்மங்கள்' (1794) நாவலில் நாயகி எமிலி ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகிறாள். எதைப் பார்த்தாள் என்பதை ஆசிரியர் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு மறைத்துவைத்து, கடைசியில் அது மெழுகுப் பொம்மை என்கிறார். அவள் மனதுக்குள் நம்மைக் குடியிருத்திவிட்டு அவள் பார்த்ததை மட்டும் மறைப்பது, என் கணக்கில், கொஞ்சம் போங்காட்டம்தான்.

கற்பனாவாதக் கவிஞர்கள் இந்த வகையை வெளியே தூற்றினார்கள். வெறியூட்டும் நாவல்களை வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜுடன் சேர்ந்து வெளியிட்ட கவிதைத் தொகுப்பின் 1800ஆம் ஆண்டுப் பதிப்பு முன்னுரையில் சாடினார். லூயிஸின் கோதிக் நாவலான 'துறவி'யை கோல்ரிட்ஜ் 1797இல் கண்டித்து எழுதினார். மறு ஆண்டு வெளிவந்த அந்தத் தொகுப்பின் முதல் கவிதையோ கோல்ரிட்ஜ் எழுதியது: சாபம், பேய்க்கப்பல், கல்யாணத்துக்குப் போகிறவனை மறித்துக் கதை சொல்லும் கிழட்டு மாலுமி!

கோதிக், கற்பனாவாதம் என்ற இரண்டு ஓட்டங்களும் முழுமையாகக் கலந்தது 1816 கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில். முந்தைய ஆண்டு வெடித்த தம்போரா எரிமலையால் ஐரோப்பாவில் கோடையே பொய்த்திருந்தது. மழைக்கு வீட்டில் அடைபட்டவர்களிடம் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். பதினெட்டு வயது மேரி ஷெல்லி எழுதத் தொடங்கியது 1818இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஆனது. துருவக் கடலில் மாட்டிய வால்டன் தன் தமக்கைக்கு எழுதும் கடிதங்களுக்குள் விக்டரின் கதை. அதற்குள், விக்டர் படைத்த பெயரில்லாத உயிரின் கதை. குடிசைச் சுவரின் இடுக்கு வழியே ஒரு குடும்பத்தைக் கவனித்து மொழி கற்ற அந்த உயிர், மில்டனை வாசித்து, தன்னைப் படைத்தவனிடமே நியாயம் கேட்கிறது. பல திரைப்படங்கள் அதை வாயடைத்த பூதமாக்கியது பெரிய இழப்பு.

முடிவை ஒட்டி ஒரு சிறு செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. வால்டன் எடுத்த குறிப்புகளை விக்டர் கேட்டு வாங்கி, தானே பல இடங்களில் திருத்துகிறான். முக்கியமாக, தன் எதிரியோடு நடந்த உரையாடல்களை. நம்மை உருகவைத்த அந்த உயிரின் வாதம், அதன் பகைவன் கைபட்ட பிரதி. திருத்தியபின்னும் அது இவ்வளவு வலுவாக நிற்கிறதென்றால் அந்த உயிர் நேரில் என்ன பேசியிருக்கும்?

எமிலி பிரான்டே 1847இல் 'வுதரிங் ஹைட்ஸ்' கதையை வேலைக்காரி நெல்லியின் வாயில் கொடுத்தார். அவளும் கதைக்குள் கை வைத்தவள்தான். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வில் (1897) நாட்குறிப்பு, கடிதம், தந்தி, ஒலிப்பதிவு என எல்லோருக்கும் குரல் உண்டு, டிராகுலா பிரபுவுக்கு மட்டும் இல்லை. மூலக் கையெழுத்துகளையும் மெழுகு உருளைகளையும் அவன் நெருப்பிலிட்டுவிடுகிறான். பெரும்பாலும் மிஞ்சியது, கதைமாந்தரில் ஒருத்தியான மீனா தட்டச்சு செய்த நகல். இதை வைத்துக்கொண்டு யாரையும் நம்பச் சொல்ல முடியாது என்று கடைசிப் பக்கத்தில் அவள் கணவன் ஹார்க்கரே எழுதிவைக்கிறான்.