வருவதை உரைக்கும் மனம்

தன் காரியங்களின் முடிவு யாதாகும் என அறியத் துடிப்பது மனித உள்ளத்தின் இயல்பு என்பது அல்லாமா இப்னு கல்தூன் கண்ட உண்மை. ஹிஜ்ரி 779-இல் (கி.பி. 1377) அவர் இயற்றிய ‘முகத்திமா’வில், நகரத்துக் கடைவீதிகளில் குறி சொல்லிப் பிழைப்போரையும் அவர்களை நாடிச் செல்வோரையும் பற்றி எழுதியுள்ளார். எனினும் இப்பொருளில் நமக்குப் பெரிதும் பயன்படுவது அப்பகுதியன்று. வரலாற்றில் பொய் நுழைவதற்கு அவர் கூறும் ஏழு காரணங்களே.

கொண்ட கொள்கையில் பற்று, செய்தி கொணர்ந்தவர்பால் ஆராயாத நம்பிக்கை, நிகழ்ச்சியின் நோக்கம் அறியாமை, கேட்டது மெய்யே என்னும் மயக்கம், புறத்தோற்றத்தில் ஏமாறுதல், பெரியோரைப் புகழ்ந்து அணுகும் ஆசை, சமுதாய வாழ்வின் இயல்பை அறியாமை என்பன அவை. கற்றோர் பலர் இவற்றைக் கடந்த காலச் செய்திகளுக்கே உரைகல்லாகக் கொள்வர். எதிர்காலத்தைப் பற்றிய நம் பேச்சுக்கும் இவையே உரைகல் என்பது எம் கருத்து.

எங்கள் ஊர் அறிந்த சான்று ஒன்று உண்டு. 2000 ஜூலை 30 அன்று, அக்காலத்தில் சத்தியமங்கலம் வட்டத்துள் அடங்கியிருந்த தாளவாடிப் பகுதியின் தொட்டகாஜனூரிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றான். அவரோ கன்னட மக்களின் பேரன்புக்குரியவர். ஆகவே தேநீர்க் கடையிலும், தொழுகை முடிந்து அமர்ந்த திண்ணையிலும் கேட்ட பேச்சு ஒன்றே: “பெங்களூரில் தமிழர் இனி வாழ முடியாது, 1991 மீண்டும் வரும்.” 1991 டிசம்பரில் காவிரிப் பூசலின்போது நேர்ந்த கொடுமை எவர் நெஞ்சிலும் ஆறாதிருந்தது. அங்கே மகனையோ மருமகனையோ விட்டிருந்த குடும்பங்களுக்கு உறக்கம் ஏது?

முதல் நாட்களில் கடையடைப்பும் கல்லெறியும் நிகழ்ந்தன. ஆனால் அஞ்சிய பேரழிவு வரவில்லை. 108 நாட்களுக்குப்பின், நவம்பர் 15 அன்று ராஜ்குமார் விடுதலை பெற்றார். இதனினும் வியப்பு, 2006 ஏப்ரல் 12 அன்று அவர் தம் இல்லத்தில் இயற்கை எய்தியபோது பெங்களூரில் கலவரம் மூண்டது. காவலர் ஒருவர் உட்படப் பலர் மாண்டனர். எதிர்பார்த்த நாளில் வராத தீ, எதிர்பாராத நாளில் எரிந்தது.

உளவியலார் டானியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1973-இல் இதற்கு விளக்கம் தந்தனர். எளிதில் நினைவுக்கு வரும் நிகழ்ச்சியை, மீண்டும் நிகழக்கூடியது என மனம் மிகைப்படக் கணிக்கிறது என்பது அவர்தம் முடிவு. நாம் 1991-ஐ நினைவுகூர்ந்தோம். அதனையே முன்னறிவு என மயங்கினோம்.

இங்கே இப்னு கல்தூனின் பட்டியலில் ஒரு குறை தோன்றுகிறது. பற்றையும் ஆசையையும் வைத்தவர், அச்சத்தை வைக்கவில்லை. பற்று நாம் விரும்புவதை வரும் என்கிறது. அச்சமோ நாம் வெறுப்பதை வந்துவிட்டது என்கிறது. கேடு பெரிது பின்னதில்தான். ஒரு வதந்தியை நம்பி வீட்டை விற்றவனும், அண்டை வீட்டாரோடு பேச்சை நிறுத்தியவனும், தாம் அஞ்சிய பகைக்குத் தாமே வித்திட்டவராகின்றனர்.

பேராசிரியரும் முன்னுரைத்தலில் சறுக்கினார் எனலாமா? ஓர் அரசின் ஆயுள் மூன்று தலைமுறை, ஏறத்தாழ 120 ஆண்டு என்றார். அவர் காலத்திலேயே வளர்ந்துகொண்டிருந்த உதுமானியப் பேரரசோ 1922 வரை, ஆறு நூற்றாண்டுக்கு மேல் நின்றது. ஆயினும் அவர் ‘பெரும்பாலும்’ என்னும் ஒரு சொல்லை இட்டே அவ்விதியைக் கூறினார். அச்சொல்தான் அறிஞனைக் குறிகாரனிடமிருந்து பிரிப்பது.

நாளை செய்வதைப் பற்றிப் பேசுமுன் ‘இன்ஷா அல்லாஹ்’ என்று கூறுமாறு நம் இளஞ்சிறார்க்குக் கற்பிக்கிறோம். நல்லதைச் சொல்லும்போது மறவாத அச்சொல், பிறரைப் பற்றித் தீயதை முன்னுரைக்கும்போது மட்டும் நம் நாவில் எழுவதில்லை. அந்நேரத்தில் அதனை நினைத்தாலே பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.