பல் கிளினிக்கில் ஏஐ பயிற்சி: எது விட்டுப்போகிறது?

அமெரிக்கப் பல் கிளினிக் ஊழியர்களுக்கான ஏஐ பயிற்சிகளில் நான் பார்த்தவை, சாட்ஜிபிடியிடம் எப்படிக் கேட்பது என்பதோடு நின்றுவிடுகின்றன. இன்சூரன்ஸ் கடிதம் ரெண்டே நிமிஷத்தில் ரெடி, சரி. ஆனா டி4341, அதாவது ஈறுக்கு அடியில் வேர்வரை சுத்தம் செய்ததற்குப் பணம் கேட்கும் கடிதம் அது. சார்ட்டில் இல்லாத "ஈறுப்பை ஆழம் 5 மி.மீ." என்பதை அதுவே சேர்த்துவிட்டால்? பொய் பில்தான், மாட்டுவது டாக்டர்.

பெயரை எடுத்துட்டா போதும் என்பதும் அரைகுறைப் பாடம். நோயாளி விவரங்களைக் காக்கும் ஹிப்பா சட்டத்தில், நீக்கவேண்டிய அடையாளங்கள் 18 வகை. பிறந்த தேதி, போன் நம்பர், ஏன், சிகிச்சை நடந்த தேதிகூட அதில் வரும்.

கற்பனை நோயாளி ஒருவரின் சார்ட்டையும் ஏஐ எழுதிய கடிதத்தையும் கையில் கொடுத்து, "இதுல எது சார்ட்டில் இல்லை, கண்டுபிடிங்க" என்று உட்காரவைக்கும் ஒரு மணிநேரம் இவை எதிலும் இல்லை.