மஞ்சள் எஞ்சின் விளக்கு

டாஷ்போர்டில் எஞ்சின் வடிவில் எரியும் மஞ்சள் விளக்கு, கோளாறு இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். எது என்று சொல்வது ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேல் ஒளிந்திருக்கும் 16 முனை சாக்கெட்; வண்டி தன் கோளாறைத் தானே கண்டறியும் ஓ.பி.டி. ஏற்பாட்டின் வாசல் அது. அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமான இந்த ஏற்பாட்டின் இரண்டாம் கட்டம் இந்தியாவுக்கு 2013-இல் வந்தது.

தீப்பெட்டி அளவு புளூடூத் கருவியைச் செருகிச் சாவியைத் திருப்பினால், கைபேசியில் குறியீடு தெரியும். பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. அதன் இக்னிஷன் காயிலைக் கழற்றி இரண்டாவதின் காயிலோடு இடம் மாற்றி மாட்டி ஓட்டினால், குறியீடு பி0302 ஆகிறதா பார்க்கலாம். அப்படி மாறினால், குற்றவாளி காயில்தான். செலவே இல்லாத இந்தச் சோதனைக்கு ஈடான அழகு மெக்கானிக் தொழிலில் குறைவு.

குறியீடு சுட்டுவது அறிகுறியை, மாற்றவேண்டிய பாகத்தை அல்ல. பாகூர் வயலோரம் நிற்கும் காரில் சென்சாருக்குப் பணம் கொடுக்குமுன், டார்ச் அடித்து எலி கடித்த ஒயர் உண்டா என்று தேடுவதே புத்தி. விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் வண்டியை ஓரங்கட்டவேண்டும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கிவிடும்.

கைபேசியில் குறியீட்டை அழிக்கும் பொத்தானை அழுத்தினால் கோளாறு நேர்ந்த கணத்தின் பதிவும் போய்விடும். முதலில் திரையைப் படமெடுத்துக்கொள்வது நல்லது. பழுது தீராமல் அழித்தால் விளக்கு திரும்ப வரும். வில்லியனூரிலிருந்து பாகூருக்குச் சில முறை போய்வந்தும் எரியவில்லையென்றால், வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.