தன் அளவுகோலுக்கு எதிரே லூயி ஜூவே

பிரெஞ்சு நடிகரும் மேடையாக்குநரும் நடிப்பு ஆசிரியருமான லூயி ஜூவேயை மதிப்பிட வருபவருக்கு ஒரு வசதி உண்டு. நடிப்பை நிறுக்கத் தேவையான தராசை அவரே செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தத் தராசில் அவரையே ஏற்றிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை அவரது ரசிகர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நடிப்போரை ஜூவே இரண்டாகப் பிரித்தார். முதல் வகையினர் எந்தப் பாத்திரம் வந்தாலும் அதைத் தங்கள் உருவத்துக்கு வளைத்துக்கொள்வார்கள். ஆகவே அவர்களுக்குப் பொருந்துபவை சிலவே. இரண்டாம் வகையினர் தாங்கள் ஒதுங்கி, பாத்திரம் வந்து குடியேற இடம் விடுவார்கள். ஆகவே எதையும் ஏற்க முடியும். அவர் மனம் எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை. மறைவுக்குப் பின் 1954இல் வெளிவந்த அவரது நூல், உடலைத் துறந்த நடிகனையே லட்சியமாக நிறுத்துகிறது. ஆனால் திரையில் நமக்குக் கிடைக்கும் ஜூவேயோ உடலைத் துறக்கவே முடியாதவர். கோணல் மாணலான நெடிய முகம், அசையாத கண்கள், சொற்களை வெட்டி வெட்டி எறியும் குரல். இருட்டில் அமர்ந்திருந்தாலும் அரை வாக்கியத்தில் அவரை அடையாளம் கண்டுவிடலாம்.

1933 முதல் 1951 வரை முப்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். நாடகக் குழுவை நடத்தப் பணம் வேண்டும், அதற்காகவே சினிமா என்பதை அவர் மறைக்கவில்லை. அதை ஒரு தள்ளுபடியாக நாம் ஏற்க வேண்டியதில்லை. பணத்துக்காகச் செய்த நல்ல வேலை உலகில் ஏராளம். மார்செல் கார்னே இயக்கிய ‘த்ரோல் தெ த்ராம்’ (1937) படத்தில் அவர் ஆங்கிலேயப் பேராயர். உணவு மேசைக்கு அப்பால் மிஷேல் சிமோன் பொய்மேல் பொய்யாக அடுக்க, இவர் ஐயத்தை அசை அசையாக உச்சரிக்கிறார். நகைச்சுவைக்கான காலக்கணக்கில் இதைவிடத் துல்லியமான காட்சி அந்தப் பத்தாண்டில் அரிது. ஆனால் அடுத்த ஆண்டு ‘ஓத்தேல் து நோர்’ படத்தில் பாரிஸ் கால்வாயோரத்துப் பெண் தரகனாக வரும்போதும் அதே அசைப் பிரிப்பு, அதே இடைநிறுத்தம். பாலத்தின் மேல் நடக்கும் அந்தப் புகழ்பெற்ற சண்டையில் ஆர்லெத்தி வசனத்தை வாழ்கிறார். ஜூவே அதைச் செதுக்குகிறார். நெஞ்சில் நிற்பது ஆர்லெத்தி. குற்றம் முழுவதையும் நடிகர் தலையில் கட்டிவிடவும் கூடாது. ஆன்றி ஜான்சோன் எழுதியது அந்தக் குரலுக்கென்றே அளவெடுத்த வசனம்; அது தரகன் பேசக்கூடியதா என்ற கவலை எழுதியவருக்கே இல்லை.

மேடையிலிருந்து அவர் கொண்டுவந்த டாக்டர் க்னோக் இன்னும் கூர்மையான சோதனை. ஆரோக்கியமாக இருக்கும் ஒரு மலைநாட்டு ஊரையே நோயாளிகள் கூட்டமாக மாற்றிவிடும் மருத்துவனைப் பற்றிய ஜூல் ரொமேனின் இந்த நாடகத்தை அவர் 1923 டிசம்பரில் மேடையேற்றினார். வசூல் குறைந்தபோதெல்லாம் அதற்குத் திரும்பினார். 1933இலும் 1951இலும் இருமுறை படமானதால் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு உண்டு. முதல் படத்தில் தண்டோராக்காரனைப் பரிசோதிக்கும் காட்சியில் ஒரு வேட்டைக்காரனின் அவசரம் இருக்கிறது; சிரிப்பின் அடியில் அச்சம் ஓடுகிறது. இரண்டாவதில் ஒவ்வோர் இடைநிறுத்தமும் கைதட்டலுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. பாத்திரம் சடங்காகிவிட்டது. அவர் வகுத்த முதல் வகையின் விதி இதுவேதான்: பொருந்திய சில பாத்திரங்கள், அவற்றில் காலம் செல்லச் செல்ல இறுக்கம்.

இவ்வளவும் சொன்ன பிறகு மூன்று விலக்குகளை முன்வைக்காவிட்டால் தீர்ப்பு நேர்மையாகாது. ரெனுவாரின் ‘லே பா ஃபோன்’ (1936) படத்தில் சூதாடி அழிந்த பிரபு புல்வெளியில் படுத்து, கையில் ஊரும் நத்தையைப் பார்த்தபடி ஜான் கபேனிடம் தன் வாழ்க்கையைச் சொல்கிறார். ரெனுவார் அவரைப் படுக்கவைத்ததே பாதி வேலையைச் செய்துவிட்டது. நிமிர்ந்து நிற்க முடியாதபோது அந்தக் குரல் தளர்கிறது. துவிவியேயின் ‘லா ஃபேன் து ஜூர்’ (1939) முதிய நடிகர்களுக்கான காப்பகம் ஒன்றில் நடக்கிறது. தன் வசீகரம் போய்விட்டதை ஏற்க மறுத்து, தனக்குத் தானே காதல் கடிதம் அனுப்பிக்கொள்ளும் சேன் க்ளேராக ஜூவே. இங்கே நடிகரின் குறையே பாத்திரத்தின் நோயாகிறது. எந்நேரமும் நடித்துக்கொண்டே இருப்பவனை நடிக்கும்போது, எந்நேரமும் தானாகவே இருக்கும் ஜூவே பிசிறின்றிப் பொருந்துகிறார். புத்திசாலித்தனமான பாத்திரத் தேர்வு. ஆனால் இதை விரிவு என்று சொல்ல முடியாது.

மூன்றாவதான க்லூசோவின் ‘கே தெ ஸோர்ஃபேவ்ர்’ (1947) வேறு தளத்தில் நிற்கிறது. காலனிப் படையில் இருந்து வந்த காவல் ஆய்வாளர் அந்துவான், தனியாக ஒரு சிறுவனை வளர்க்கிறவர், மேலதிகாரிகளிடம் மரியாதை இல்லாதவர், தூக்கம் போதாதவர். இங்கே ஜூவே பேசுவதைவிடக் கேட்கிறார். எதிரில் இருப்பவன் பொய் சொல்வது தெரிந்தும் முகத்தில் அதைக் காட்டாமல், அடுத்த கேள்வியை மட்டும் சற்றுத் தாழ்ந்த குரலில் கேட்கிறார். கொலையுண்ட காமுகக் கிழவனாக வருபவர் ஷார்ல் துல்லேன். ஜூவேயும் அவரும், பாத்தி, பித்தோயெஃப் இருவரோடும் சேர்ந்து 1927இல் நாடகக் கூட்டணி அமைத்த ஆசான்கள். துல்லேன் கடைசி வரிசைக்குத் தெரியும்படி நடிக்கிறார். ஜூவே கேமராவுக்குக்கூடக் கொஞ்சம் மறைத்தே வைக்கிறார். அவர் எழுதிய இரண்டாம் வகை நடிகர் இந்தப் படத்தில் இருக்கிறார்.

மேடையாக்கம் என்று வந்தால் கணக்கு மாறுகிறது. மருந்தாளுநர் பட்டம் பெற்ற இளைஞராக 1913இல் ஜாக் கொப்போவின் வியூ கொலொம்பியே அரங்கில் சேர்ந்தபோது, அவர் நடிகர் மட்டுமல்ல, விளக்கும் தட்டும் மேடை இயந்திரமும் அறிந்த கைவினைஞர். அந்த அறிவின் உச்சம் 1936 மே மாதம் அத்தெனே அரங்கில் அவர் தந்த மோலியேரின் ‘மனைவியர் பள்ளி’. கிறிஸ்தியான் பெரார் வடிவமைத்த தோட்டச் சுவர்கள் பார்வையாளர் கண்ணெதிரே விரிந்து திறந்தன. ஒரு பெண்ணைச் சுவருக்குள் பூட்டி வளர்த்து மணக்க நினைக்கும் ஆர்னோல்ஃபின் கதையில், சுவர் இப்படித் தானே திறப்பது அலங்காரம் அல்ல. அதுவே நாடகத்தின் வாதம். ஆர்னோல்ஃபைத் துயர நாயகனாக்கும் பழக்கத்தை விட்டு, சொல்லால் உலகைப் பிடித்துவைக்கலாம் என்று நம்பும் கேலிக்குரியவனாக அவர் ஆடினார். வெட்டி வெட்டிப் பேசும் குரலுக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடையாது. வடிவம், வாசிப்பு, நடிப்பு மூன்றும் இயைந்த ஒரே சாதனை என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். 1950இன் ‘தார்த்துஃப்’ அந்த இயைபை எட்டவில்லை. வேடதாரியை உண்மையான பக்தி கொண்டவனாகப் படித்தது துணிச்சலான வாசிப்பு. ஆனால் அந்த வாசிப்பு நாடகத்தின் சிரிப்பை வடித்துவிட்டது, அதற்கு ஈடாக வேறெதையும் நிரப்பவில்லை.

நாடகத் தேர்வில் அவரை மெச்சுவோர் முதலில் நீட்டும் பெயர் நாடகாசிரியர் ஜிரோது. 1928இன் ‘சீக்ஃப்ரீத்’ தொடங்கி ‘ட்ராய்ப் போர் நடக்காது’ (1935), ‘ஓந்தின்’ (1939) வழியாக, ஆசிரியர் இறந்தபின் 1945 டிசம்பரில் மேடையேறிய ‘ஷையோவின் பித்துக்காரி’ வரை அந்த உறவு நீடித்தது. நாவலாசிரியர் ஒருவரை நாடகாசிரியராக ஆக்கியது பெரும்பாலும் ஜூவேதான். கேடும் அங்கேயே தொடங்கியது. வாக்கியமே தெய்வம் என்ற அவரது கோட்பாடு, ஜிரோதுவின் அணிமிகுந்த வாக்கியங்களுக்குக் கோயில் கட்டியது. ட்ராய் நாடகம் இன்றும் நிற்கிறது. மற்றவற்றில் பல, சொல்வதற்கு இனிமையாக இருந்து, கேட்பதற்குச் சலிப்பூட்டுகின்றன. அதே காலத்தில் பித்தோயெஃப் பாரிஸுக்குப் பிராந்தெல்லோவைக் கொண்டுவந்ததையும் செக்கோவை ஆடியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஜூவேயின் ரசனை எவ்வளவு பாதுகாப்பானது என்பது தெரியும். ஒரேயொருமுறை எல்லை தாண்டினார்: 1947இல் ஜான் ஜெனேயின் ‘பணிப்பெண்கள்’. பார்வையாளர்கள் பகைமையோடு வரவேற்றார்கள். ஐம்பத்தொன்பது வயதில் அந்தக் கதவைத் திறந்த பெருமை அவருக்கு உண்டு, அதே மாலையில் ஜிரோதுவின் சிறு நாடகம் ஒன்றையும் துணைக்கு வைத்தார் என்பதையும் மறக்காமல்.

1941 முதல் 1945 வரை குழுவோடு தென் அமெரிக்காவில் சுற்றியதை ஒரு சாரார் நாடு துறந்த வீரமாகவும், மறுசாரார் ஜெர்மன் ஆக்கிரமிப்போடு ஒத்துழைத்த விஷி அரசின் பிரச்சாரமாகவும் எழுதுகிறார்கள். விஷியின் ஆதரவோடு புறப்பட்டார், விஷிக்குத் திரும்பவில்லை. கலை மதிப்பீட்டில் இதற்கு மேல் அந்தச் சர்ச்சைக்கு இடமில்லை.

ஆசிரியராக அவர் விட்டுச்சென்றதுதான் எஞ்சுவனவற்றில் கனமானது. மூன்றுமுறை தன்னைத் தேர்வில் தள்ளிய அதே பாரிஸ் நாடகப் பயிற்சிக் கல்லூரியான கொன்செர்வத்துவாரில் 1934இல் பேராசிரியரானார். வகுப்புகள் சுருக்கெழுத்தில் பதிவாயின. 1940 பிப்ரவரிக்கும் செப்டம்பருக்கும் நடுவில், மோலியேரின் ‘தோம் ஜுவான்’ நான்காம் அங்கத்தில், நாயகன் கைவிட்ட எல்வீர் விடைபெற வரும் காட்சியை ஒரு மாணவியோடு மீண்டும் மீண்டும் எடுத்தார். மாணவி உணர்ச்சியோடு தொடங்குகிறாள், அவர் நிறுத்துகிறார். முதலில் மூச்சு, பின்பு வாக்கியத்தை அறுபடாமல் சொல்வது, உணர்ச்சி தானாக வந்தால் வரட்டும். கைவிட்டவனைத் திட்ட வந்தவளாக அல்ல, ஏற்கெனவே வேறோர் உலகத்தில் கால் வைத்துவிட்டவளாகப் பேசச் சொல்கிறார். மனநிலையை அலசி அதிலிருந்து சொல்லுக்கு வரும் நெறிக்கு நேர் எதிரான நெறி இது. அதன் உள் இயைபில் ஓட்டை இல்லை. பதிவில் ஓட்டை இருப்பது வேறிடத்தில். மாணவி ஒரு வரி பேச, ஆசான் ஒரு பக்கம் பேசுகிறார். அவள் இறுதியில் எட்டிய உயரம் நெறியால் வந்ததா, ஆசானின் விடாப்பிடியால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். பாரிஸ் ஜெர்மானியரிடம் விழுந்ததும் அந்த மாதங்களில்தான். மாணவி யூதப் பெண். மேடை அவளுக்கு அடைக்கப்பட்டது. 1986இல் பிரிஜித் ஜாக் இந்தக் குறிப்புகளை ‘எல்வீர் ஜூவே 40’ என்று நாடகமாக்கியபோது, வேறொரு நடிகரின் வாயிலும் பாடம் உயிரோடு நின்றது. நெறி அவர் குரலுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு இது போதும்.

ஆகவே வரிசை இப்படி: ஆசிரியர் முதலில், மேடையாக்குநர் அடுத்து, நடிகர் மூன்றாவது. படங்களில் ஒன்றை மட்டுமே பார்க்க நேரமிருக்கும் வாசகர், எல்லோரும் மேற்கோள் காட்டும் பேராயரையும் தரகனையும் விட்டுவிட்டு க்லூசோவின் ஆய்வாளரைப் பார்க்கட்டும்.